மணமற்ற ஆபத்தும் கேட்கப்படாத கேள்வியும்

நம் வீட்டுச் சமையலறையில் எரிவாயு சற்றே கசிந்தாலும் ஒரு கெட்ட வாடை நம்மை எச்சரிக்கின்றது. உடனே சன்னல்களைத் திறக்கின்றோம். விளக்கின் விசையைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கின்றோம். அந்த வாடை எரிவாயுவின் இயல்பு என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். உண்மை அதுவன்று. உருளையில் அடைக்கப்படும் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. 'மெர்காப்டன்' எனப்படும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலப்பதால்தான் அந்த வாடை எழுகின்றது. காற்றில் நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலும் மனித மூக்கு அதனை அறிந்துகொள்ளும்.

வாடை சேர்க்கும் இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அறிந்திருந்தும் எல்லா இடத்திலும் அதனைச் செய்யவில்லை. அதைச் சட்டத்தின் கட்டாயமாக்கும் நிலை அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு உருவாயிற்று. அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை ஏறத்தாழ முந்நூறு உயிர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பள்ளிச் சிறார். நம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து நம்மைக் காக்கும் அந்த வாடைக்குப் பின்னே ஒரு பள்ளியின் கதை இருக்கின்றது. பள்ளியும் பெற்றோரும் ஒருவரோடொருவர் எதைப் பேசவேண்டும், எதைப் பேசாமல் விட்டால் என்ன நேரும் என்பதை அக்கதை நமக்குச் சொல்கின்றது.

எண்ணெய் வயல் நடுவே ஒரு பள்ளி

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் 'பள்ளி மாவட்டம்' என்னும் உள்ளூர் அமைப்பு. அவ்வூர் மக்களே வரி கொடுத்து, தங்களுள் சிலரை நிர்வாகக் குழுவினராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அக்குழு ஒரு கண்காணிப்பாளரை அமர்த்திப் பள்ளிகளை நடத்துகின்றது. ஆகவே நிர்வாகம் எங்கோ தலைநகரில் இல்லை. அண்டை வீட்டில்தான் இருக்கின்றது.

1930-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கிழக்கு டெக்சஸின் ரஸ்க் வட்டாரத்தில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. நாடெங்கும் பொருளாதார மந்தத்தால் மக்கள் வேலையின்றி வாடிய காலம் அது. எனவே எண்ணெய்க் கிணறுகளில் வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வந்து குடியேறினர். எண்ணெயின் வரிப்பணத்தால் லண்டன் பள்ளி மாவட்டம் கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களுள் மிகச் செல்வமிக்க ஒன்றாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் இன்று நியூ லண்டன் என வழங்கும் ஊரில் எஃகுச் சட்டமும் காங்கிரீட்டும் கொண்ட பெரிய பள்ளிக் கட்டடம் எழுந்தது. இரவிலும் ஆடத்தக்க மின்விளக்குகளோடு கூடிய விளையாட்டரங்கமும் அமைந்தது.

கொதிகலனில் நீராவி உண்டாக்கிக் கட்டடத்தைச் சூடாக்குவதே முதலில் வகுத்த திட்டம். நிர்வாகக் குழு அதை மாற்றி, எழுபத்திரண்டு எரிவாயு அடுப்புகளை அறைதோறும் பொருத்தச் செய்தது. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மற்றுமொரு சிக்கனம் தோன்றியது. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வெளிவந்து, பெட்ரோல் பிரித்தபின் எஞ்சும் வாயுவை நிறுவனங்கள் வீணே எரித்துவந்தன. அதன் குழாயிலிருந்து வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும்கூட இணைப்பு எடுத்துக்கொள்வது அவ்வூர்ப் பழக்கம்; நிறுவனங்களும் கண்டும் காணாதிருந்தன. பள்ளி நிர்வாகமும், விலைக்கு எரிவாயு வாங்குவதை நிறுத்திவிட்டு, அக்குழாயோடு பள்ளியை இணைத்தது. இதனால் மிச்சமானது மாதம் ஏறத்தாழ 300 டாலர். செல்வத்தில் திளைத்த ஒரு பள்ளி மாவட்டத்திற்கு அது பெருந்தொகையன்று.

எஞ்சிய வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கோ ஓர் இணைப்பில் கசிந்த வாயு கட்டடத்தின் அடித்தளத்திற்குக் கீழிருந்த வெற்றிடத்தில் நிறைந்துகொண்டே இருந்தது. மாணவர் பலர் சில காலமாகவே தலைவலி என்று முறையிட்டு வந்தனர். பிள்ளைகளின் தலைவலியை யார் பெரிதாகக் கருதுவர்? அம்முறையீட்டை எவரும் பொருட்படுத்தவில்லை.

நூறு அடி தொலைவு

1937-ஆம் ஆண்டு மார்ச் 18, வியாழக்கிழமை. கீழ் வகுப்புச் சிறுவர்க்குப் பள்ளி முன்னதாகவே முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு முதலாகப் படித்த ஏறத்தாழ ஐந்நூறு மாணவரும் அவர்தம் ஆசிரியரும் கட்டடத்தில் இருந்தனர். அதற்கு ஏறத்தாழ நூறு அடி தொலைவில் தனியே நின்றது உடற்பயிற்சிக் கூடம். அதிலே அன்று பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சங்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று வாஷிங்டன் நகரில், ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகளின் முயற்சியால் 'அன்னையர் தேசியப் பேரவை' தொடங்கியது. பின்னர் அதுவே பெற்றோர்-ஆசிரியர் சங்கமாக வளர்ந்து நாடெங்கும் கிளை பரப்பிற்று. வீடும் பள்ளியும் பேசிக்கொள்ளவேண்டும் என்பதே அதன் வேர்க் கருத்து. அந்த உரையாடலுக்காகவே லண்டன் பள்ளியின் பெற்றோரும் அன்று கூடியிருந்தனர்.

பிற்பகல் மூன்று மணி கடந்தது. பள்ளி முடியச் சில நிமிடங்களே இருந்தன. தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் மின்பொறியை இயக்கினார். ஒரு சிறு தீப்பொறி தெறித்தது. மறுகணம் கட்டடமே மேலெழும்பியது போலாகிச் சுவர்கள் வெடித்துச் சரிந்தன. கூரை உள்ளே விழுந்தது. இரண்டு டன் எடையுள்ள காங்கிரீட் பாளம் ஒன்று இருநூறு அடி தொலைவில் நின்ற மோட்டார் வண்டியின் மேல் போய் விழுந்தது. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து முதலில் ஓடிவந்தவர்கள் அந்தப் பெற்றோரே.

எண்ணெய் வயல்களிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் விரைந்து வந்தனர். இடிபாடுகளை வெறுங்கையால் அகற்றியோரும் அவர்களில் உண்டு. அன்றிரவு மழையும் பெய்தது. பதினேழு மணி நேரத்திற்குள் இடிபாடு முழுவதும் அகற்றப்பட்டது. உடல்களை அடையாளம் காண்பதே பெற்றோர்க்குப் பெருந்துயராயிற்று. ராமாவில் கேட்ட ராகேலின் அழுகுரல் அன்று ஓர் ஊர் முழுவதும் கேட்டது.

அருகிலுள்ள டைலர் நகரில் நாசரேத்தூர் திருக்குடும்பச் சகோதரிகள் நடத்தவிருந்த மதர் பிரான்சிஸ் மருத்துவமனை, புனித வளனாரின் திருநாளாகிய மார்ச் 19 அன்று திறக்கப்படுவதாக இருந்தது. விபத்தின் செய்தி எட்டியதும், விழாவை எதிர்நோக்கியிருந்த அச்சகோதரிகள், ஒருநாள் முன்னதாகவே கதவைத் திறந்து காயமுற்ற பிள்ளைகளை ஏற்றுக்கொண்டனர். திருக்குடும்பத்தைக் கட்டிக்காத்த வளனாரின் திருநாளை இதைவிடச் சிறப்பாகத் தொடங்கியிருக்க இயலாது.

யார் குற்றவாளி?

விசாரணை நடந்தது. கசிந்த வாயுவே காரணம் என்பது தெளிவாயிற்று. ஆனால் தனிப்பட்ட எவரையும் குற்றவாளியென விசாரணை சுட்டவில்லை. ஆபத்தை மனத்தால் கண்டுணர இயலாத சாதாரண மனிதரின் அறியாமையும் அக்கறையின்மையுமே இதற்குக் காரணம் என்பது அதன் சாரம். எழுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. விசாரணைக்கு வந்த சிலவும் போதிய சான்றில்லை எனத் தள்ளுபடியாயின. பள்ளிக் கண்காணிப்பாளர் ஊராரின் சினத்திற்கு ஆளாகிப் பதவி விலகினார். இறந்த பிள்ளைகளுள் அவருடைய மகனும் ஒருவன். இதனை நாம் மறந்துவிடலாகாது. அம்முடிவை எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைகளையும் அதே கட்டடத்திற்கு அனுப்பியவர்கள்.

நம் உள்ளத்தை உறுத்துவது அந்த நூறு அடி தொலைவே. பேசுவதற்குப் பெற்றோர் கூடியிருந்தனர். பேசப்படவேண்டிய ஆபத்தோ அடுத்த கட்டடத்தின் அடியில் இருந்தது. வாயுக் குழாயை மாற்றிய முடிவு நிர்வாகக் குழுவினுடையது; பெற்றோர் கூட்டத்தினுடையதன்று. கூடியிருந்தோர் பலரும் எண்ணெய் வயலில் உழைத்த குடும்பத்தினர். வாயுவின் குணத்தை அன்றாட வாழ்வில் அறிந்தவர்கள் அவர்கள். தலைவலியோடு வீடு திரும்பிய பிள்ளையை முதலில் பார்ப்பவளும் தாயே. நிர்வாகம் அறிந்தது ஒரு பாதி. வீடு அறிந்தது மறுபாதி. அவ்விரு பாதிகளும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டிருந்தால், 'இந்த வாயு பாதுகாப்பானதா?' என்ற கேள்வியை யாரேனும் ஒருவர் கேட்டிருக்கக்கூடும்.

சட்டம் விரைந்து செயற்பட்டது. சில வாரங்களுக்குள் டெக்சஸ் சட்டமன்றம் எரிவாயுவுக்கு வாடை சேர்ப்பதைக் கட்டாயமாக்க வழி செய்தது. பொறியாளர் பதிவு பெற்றே தொழில் செய்யவேண்டும் என்னும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. வாடை சேர்க்கும் வழக்கம் விரைவில் நாடெங்கும், பின்னர் உலகெங்கும் பரவிற்று. பள்ளியும் சுமார் பத்து நாள்களில் மீண்டும் நடக்கத் தொடங்கியது. பெற்றோர் கூடியிருந்த அந்த உடற்பயிற்சிக் கூடமும் அப்போது வகுப்பறையாயிற்று. புதிய கட்டடம் 1939-இல் எழுந்தது. எதிரே நினைவுத் தூணும் எழுந்தது.

ஆனால் உள்ளத்தின் காயத்திற்கு மருந்திட எவரும் முன்வரவில்லை. உயிர் பிழைத்த பிள்ளைகளிடம் அதுபற்றிப் பேசாதிருப்பதே நல்லது என்று அக்காலத்தவர் கருதினர். ஓர் ஊரே வாய் மூடிக்கொண்டது. பிழைத்தவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடியது 1977-ஆம் ஆண்டில்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து. முன்னே பேசப்படாத கேள்வி உயிர்களைக் கொண்டுபோயிற்று; பின்னே பேசப்படாத துயரம் பிழைத்தவர்களை நெடுங்காலம் வாட்டியது.

நம் பள்ளிகளின் வாசலில்

தொலைதூர நாட்டுக் கதை என்று இதனை நாம் ஒதுக்கிவிட இயலாது. 2004-ஆம் ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தின் தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அங்கே ஆபத்து மறைந்திருக்கவில்லை. அடுப்பும் கீற்றுக் கூரையும் எல்லாருடைய கண்முன்னேயே இருந்தன. 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமையவேண்டும் என்றும், அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்றும் வகுத்தது.

இங்கேதான் கத்தோலிக்க மக்களாகிய நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டியுள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், சிறுபான்மையினரின் உதவி பெறும் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை கூறினால் போதும் என்றது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் கல்வி நிறுவனங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை அருமையானது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெற்றோரின் குரலைக் கேட்கச் சட்டம் நம்மை வற்புறுத்தாதபோது, நம்மை வற்புறுத்தவேண்டியது நம் மனச்சான்றே.

அதற்கு நம் திருச்சபையின் போதனையே போதுமான அடிப்படை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என எடுத்துரைக்கின்றது; பெற்றோர் சங்கங்களையும் ஊக்குவிக்கின்றது. ஆனால் நம் பள்ளிகள் பலவற்றில் பெற்றோர் கூட்டம் எவ்வாறு நடக்கின்றது? மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடுகின்றோம்; கட்டணத் தேதியைக் கேட்டறிகின்றோம்; 'சாமியாரிடம், சிஸ்டரிடம் எப்படிக் கேட்பது?' என்று தயங்கி வீடு திரும்புகின்றோம். கேட்டால் பிள்ளையின் மேல் கோபம் பாயுமோ என்னும் அச்சமும் நமக்குண்டு. பள்ளி நடத்துவோரும் கேள்வியைக் குறைகூறலாக எடுத்துக்கொள்வதுண்டு. இரு தரப்பிலும் அன்பு இருக்கின்றது; அதன் நடுவே நூறு அடி தொலைவும் இருக்கின்றது.

இரண்டாம் மாடியிலிருந்து இறங்கப் படிக்கட்டு எத்தனை? அவற்றின் கதவுகள் பூட்டப்படாமல் இருக்கின்றனவா? தீயணைப்புக் கருவியை இயக்க யாருக்குத் தெரியும்? பள்ளி வண்டியில் எத்தனை பிள்ளைகள் ஏறுகின்றனர்? தன்னைத் தொடக்கூடாதவர் தொட்டால், பிள்ளை அச்சமின்றி யாரிடம் சொல்லலாம்? வாடிய முகத்தோடு வரும் மாணவியோடு உட்கார்ந்து பேச ஆள் உண்டா? இவை அவமதிப்பான கேள்விகள் அல்ல. எருசலேம் ஆலயத்தில் மகனைக் கண்ட அன்னை மரியா, அவர் யாரென்று அறிந்திருந்தும், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கத் தயங்கவில்லை. நம்பிக்கை உள்ள இடத்தில்தான் கேள்வியும் பிறக்கின்றது.

மணமற்ற ஆபத்துக்கு மணம் சேர்த்தால் அது தன்னை மறைத்துக்கொள்ள இயலாது. பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே மறைவின்றி நிகழும் உரையாடலும் அத்தகையதே. சில வேளை அது இனிமையாக இராது. வாடையைப் போலவே முகம் சுளிக்க வைக்கும். ஆயினும் உயிரைக் காப்பது அதுவே. அடுத்த முறை நம் பங்குப் பள்ளியிலிருந்து பெற்றோர் கூட்டத்திற்கு அழைப்பு வரும்போது, அந்த நூறு அடியை நாமும் பள்ளியும் ஆளுக்குப் பாதியாக நடந்து கடப்போமாக.