படுக்கைக் கணக்கும் சானடோரியமும்: மருத்துவமனை உற்பத்தித்திறன் ஒப்பீடு பற்றி

பீர்க்கன்கரணையில் வாரக்கணக்கில் இருமி இளைத்துப்போன ஒருவர், பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்துக்கு அடுத்த நிறுத்தமான சானடோரியத்தில் இறங்கி, அந்நிறுத்தத்துக்குப் பெயர் தந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போகலாம்; அல்லது ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போகலாம். இவ்விரண்டில் எது உற்பத்தித்திறன் மிக்கது என்ற கேள்விக்கு இன்று வழக்கிலுள்ள அளவுகள் தரும் விடை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவ்வளவுகள் மூன்று: படுக்கை நிரம்பும் விகிதம், படுக்கைச் சுழற்சி, சராசரியாகத் தங்கும் நாட்கள். இவற்றை ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிடும் முறையை 1986இல் பபோன் லாசோ வகுத்தார். எளிய முறை; அதனாலேயே பரவியது. முப்பது படுக்கை கொண்ட வார்டுக்கு மாதம் 900 படுக்கை நாட்கள். மூன்று நாளில் வீடு திரும்புவோர் என்றால் 300 பேர். முப்பது நாள் தங்குவோர் என்றால் முப்பதே பேர். குடலிறக்க அறுவையும் மருந்துக்கு மசியாத காசநோயும் இக்கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் உருவாக்கிய, உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் ஒருசேர ஒப்பிடும் தரவு உறைப் பகுப்பாய்வு இதைவிட நுட்பமானது. ஆனால் அதற்கும் வெளியீடாகத் தலையெண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் அதே பிழைதான் வரும்.

வகுக்கும் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் பற்றி எழுதிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல் என்று இருந்தது. ஓராண்டின் இறப்புகளை ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள்.

சானடோரியத்தின் வரலாறே படுக்கைக் கணக்குக்கு எதிரான சாட்சி. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் அதைத் தொடங்கியபோது காற்றும் ஓய்வும் நெடுநாள் தங்கலுமே சிகிச்சை. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டில் மருந்து உண்போரையும் சானடோரியத்தில் தங்கி உண்போரையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை என்ற முடிவு 1959இல் வெளியானது. உலகமே காசநோய் மருத்துவத்தை மாற்றிக்கொண்டது. நம் நாட்டுக் காசநோய் மருத்துவத்தின் மிகப்பெரிய உற்பத்தித்திறன் உயர்வு இதுவென்றே கருதுகிறேன். ஆனால் படுக்கைக் கணக்கில் அதற்கு இடமேயில்லை. 2004இல் இலவச எச்.ஐ.வி. கூட்டுமருந்து தொடங்கியபோது முதல் மையங்களுள் ஒன்றாக இருந்ததும் இதே மருத்துவமனைதான். அந்தச் சிகிச்சையின் வெற்றியும் நோயாளி படுக்கைக்கு வராமலிருப்பதில்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு விடும் வேகம், ரத்த ஆக்சிஜன் அளவு, கால்வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். மோசமாக நலிந்தவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறது திட்டம். அப்படிச் சேர்க்கும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் இறப்புகளும் கூடலாம். மாநிலத்தின் மொத்த இறப்பு குறையலாம். தரவரிசைக்கு அஞ்சி அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிடும் மருத்துவமனைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

ஆகவே ஒப்பீட்டின் அலகு நோய்க்கதை முழுவதுமாக இருக்க வேண்டும்: கண்டறிந்த நாள் முதல் சிகிச்சை முடிவு வரை, நலிவின் தீவிரத்தைக் கணக்கில் கொண்டு. காசநோயில் இது இன்றே இயலும். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசுத் தளமான நிக்ஷய் தரும் எண் நோயாளியோடு மருத்துவமனை விட்டு மருத்துவமனை செல்கிறது. தனியார் மருத்துவமனையும் அதில் பதிவு செய்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் நோயைக் கண்டறிந்த மருத்துவர், சானடோரியத்தில் மூச்சைத் தேற்றிய வார்டு, பீர்க்கன்கரணையில் மாத்திரை தடைபடாமல் பார்த்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர் ஆகிய மூவரின் உழைப்பும் செலவும் அந்த ஒரே எண்ணின் கீழ் வரவு வைக்கப்பட வேண்டும்.