மாசசூசெட்ஸில் அயர்லாந்து வம்சாவளியினரின் பரவல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தம்மை அயர்லாந்து வழிவந்தவராகக் குறிப்பிடுகிறார். ஆனால் இவர்கள் மாநிலமெங்கும் சீராகப் பரவவில்லை. பாஸ்டனுக்குத் தெற்கே, கடலோரமாக அமைந்த சிட்சுவேட், மார்ஷ்ஃபீல்ட், பிரெயின்ட்ரீ, வேமத் ஆகிய ஊர்களில்தான் இவர்களின் செறிவு மிகுதி. இப்பகுதிக்கு 'ஐரிஷ் ரிவியரா' என்றே பெயர் வழங்குகிறது.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் மூண்ட பெரும்பஞ்சம், கப்பல் கப்பலாக மக்களைப் பாஸ்டன் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. கையில் காசில்லாதவர்கள் இறங்கிய இடத்தருகிலேயே நகரின் நார்த் எண்ட் பகுதியின் நெருக்கடியான குடியிருப்புகளில் ஒண்டினர். பிறகு சார்ல்ஸ்டவுன், தெற்கு பாஸ்டன், டார்செஸ்டர் எனப் பரவினர். 1974-இல் பள்ளி இனக்கலப்புக்கான நீதிமன்ற ஆணையை ஒட்டி எழுந்த கொந்தளிப்பும், புறநகர் வீடுகளின் ஈர்ப்பும் பலரைத் தெற்கே நகர்த்தின.

சிட்சுவேட்டின் கதை இந்தத் தெற்கு நகர்வுக்கும் முந்தியது. 1840-களின் பிற்பகுதியில், தாயகக் கடற்கரையில் பார்த்த அதே கடற்பாசி இங்கும் பாறைகளில் படர்ந்திருப்பதை அயர்லாந்துக் குடியேறியான டேனியல் வார்டு கண்டுகொண்டார். படகிலிருந்து நீண்ட வாரிகளால் வாரி, மணலில் பரப்பி, கருஞ்சிவப்பு வெளுக்கும்வரை வெயிலில் உலர்த்தும் தொழில் அங்கே வேரூன்றியது. பிழைப்பைக் கையோடு கொண்டுவந்த குடியேற்றம் என இதைச் சொல்லலாம்.

உள்நாட்டில் லோவல், வூஸ்டர், ஹோலியோக் ஆகிய ஆலை நகரங்களில் கால்வாய் வெட்டியதும் அயர்லாந்தினரே. அவர்களில் ஒருவரான ஹியூ கமிஸ்கி 1822-இல் அந்த வேலைக்காக முப்பது பேருடன் சார்ல்ஸ்டவுனிலிருந்து லோவலுக்கு நடந்தே சென்றார்.