கன்மலையும் காலமும்

பிரசங்கப் பயிற்சி வகுப்பு ஒன்றில் மாணவர் ஒருவர், கடவுளைக் கன்மலையாகக் காட்டும் சங்கீதப் பகுதியை எடுத்துப் பேசினார். யாவும் மாறினும் கன்மலை மாறாது என்பதே அவரது மையக் கருத்து. பின்னர் நடந்த கலந்துரையாடலில், கல்லூரியில் நிலவியல் பயின்று இறைப்பணிக்கு வந்த மற்றொரு மாணவர் எழுந்து, "ஐயா, கன்மலையும் மாறும் என்றல்லவா நான் படித்திருக்கிறேன்! இதைக் கேட்கும் இளைஞருக்கு நாம் என்ன விடை சொல்லுவது?" என்று வினவினார். நியாயமான வினா. பாறைகள் மாறுகின்றன என்பதை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது இதற்கு உதவும். அவ்வரலாற்றில் சபை ஆயராகப் பணியாற்றிய ஒருவருக்கும் சிறப்பான பங்கு உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்துறையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரிலிருந்த சுரங்கவியல் ஆசிரியர் ஆபிரகாம் வெர்னர் (1749–1817). ஆதியில் பூமி முழுவதையும் ஒரு பெருங்கடல் மூடியிருந்தது என்றும், அந்நீரிலிருந்த பொருள்களே ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்து பாறைகளாயின என்றும், அவற்றுள் கிரானைட்டே மூத்தது என்றும் அவர் கற்பித்தார். நோவா காலத்துப் பெருவெள்ளத்தை நினைவூட்டியமையால் இக்கொள்கை பலருக்கு உவப்பாயிற்று.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் (1726–1797) வேறு வழியில் சிந்தித்தார். மருத்துவம் பயின்றும் உழவை மேற்கொண்ட அவர், தம் வயலின் மண்ணை மழைநீர் ஓடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் அடித்துச் செல்வதைக் கண்டார். இவ்வாறே நிகழ்ந்துகொண்டிருந்தால் விளைநிலம் ஒருநாள் அற்றுப்போகுமே! உயிர்கள் வாழ்வதற்கென ஞானமாய் அமைக்கப்பட்ட உலகில், தேய்வுக்கு ஈடாகப் புதுப்பித்தலும் இருந்தாக வேண்டும் என அவர் எண்ணினார். கடலடியில் சேர்ந்த வண்டல் இறுகிப் பாறையாகிறது. பூமியின் உள்வெப்பம் அதனை உயர்த்தி நிலமாக்குகிறது. அந்நிலம் மீண்டும் தேய்கிறது. இக்கருத்தை 1785-இல் எடின்பரோ அரச கழகத்தில் அவர் எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் கிளென் டில்ட் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் அவர் ஒரு சான்றைக் கண்டார். அங்கே கிரானைட் நரம்பு நரம்பாகப் பிற பாறைகளைக் கிழித்து உட்புகுந்திருந்தது. உட்புகுந்தது உருகிய குழம்பாக இருந்திருக்க வேண்டும். புகப்பெற்றது அதற்கு முன்னரே இருந்திருக்க வேண்டும். ஆகவே கிரானைட் எப்பாறைக்கும் மூத்தது என்ற கூற்று அங்கே நிலைகுலைந்தது.

1788-இல் ஹட்டன் தம் நண்பர் இருவருடன் படகேறி, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள சிக்கார் முனைக்குச் சென்றார். அங்கே சாம்பல்நிறப் பாறையடுக்குகள் செங்குத்தாக நின்றன; அவற்றின் தேய்ந்த முனைகள்மீது செம்மணற்கல் அடுக்குகள் சற்றே சாய்ந்து படுத்திருந்தன. கீழடுக்கு படிந்து, இறுகி, மடிந்து, உயர்ந்து, தேய்ந்த பின்னரே மேலடுக்கு படிந்திருக்க முடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகள் என இன்று கணக்கிடப்படுகிறது.

அந்நண்பருள் ஒருவரே ஜான் பிளேஃபேர். 1773 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஆயராகப் பணியாற்றிப் பின்னர் எடின்பரோவில் கணிதப் பேராசிரியரானவர் அவர். ஹட்டனின் கொள்கை திருமறைக்கு முரணானது என ரிச்சர்ட் கர்வன் என்னும் அறிஞர் 1793-இல் தாக்கினார். ஹட்டன் 1795-இல் விரிவான நூலாக விடையளித்தாராயினும், அவரது நடை கடினமானது, படித்தோர் சிலரே. அவர் மறைந்த பின் 1802-இல் பிளேஃபேர் அக்கொள்கையைத் தெளிந்த நடையில் விளக்கி நூல் வெளியிட்டார். காலத்தின் கணக்கைக் கற்பிப்பது திருமறையின் நோக்கமன்று என்ற தெளிவு அவருக்கிருந்தது.

மற்றொரு நண்பரான சர் ஜேம்ஸ் ஹால் சோதனையில் இறங்கினார். உருகிய எரிமலைப் பாறையை மெதுவாகக் குளிர்வித்தபோது, அது கண்ணாடியாகாமல் மீண்டும் பாறையாகவே உறைந்தது. சுண்ணாம்புப் பொருளைத் துப்பாக்கிக் குழலில் அடைத்து அழுத்தத்தில் சூடாக்கியபோது, அது சலவைக்கல்லை ஒத்ததாயிற்று.

இவ்வாறு தீப்பாறை, படிவுப்பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன்மை மாறிய உருமாறிய பாறை என்னும் மூவகைப் பகுப்பு உருப்பெற்றது. மூன்றாம் வகைக்குப் பெயரிட்டவர் சார்லஸ் லயல், ஆண்டு 1833. களிமண் பலகைக்கல்லாகிறது; மணற்கல் குவார்ட்சைட் ஆகிறது; எதுவும் உருகினால் மீண்டும் தீப்பாறையாகலாம். நேர்மையுடன் ஒன்றையும் சொல்லவேண்டும்: வண்டல் இறுகுவது வெப்பத்தினாலேயே என்று ஹட்டன் நினைத்தது பிழை. பெரும்பாலும் நீர் கொண்டுவரும் தாதுக்களே மணலைப் பிணைக்கின்றன. வெர்னரின் பக்கத்திலும் ஓரளவு உண்மை இருந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கல்கத்தா புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை 1893-இல் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்து, அப்பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். சென்னைக்கருகே பல்லாவரத்திலும், தோமா அப்போஸ்தலரின் நினைவோடு இணைந்த பரங்கிமலையிலும் காணப்படும் பாறை அதுவே. ஹாலந்து அதனைத் தீப்பாறையாகக் கருதினார். பிற்கால ஆய்வுகளோ கடும் உருமாற்றத்தின் சுவடுகளையும் அதில் கண்டன. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இந்நிலையை அடைந்தது. மேலிருந்த பாறை முழுவதும் தேய்ந்து அகன்றதாலேயே இன்று நாம் அதன்மீது ஏறி நிற்கிறோம்.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். வெயிலிலும் பகைவரிடமிருந்தும் ஒதுங்க இடம் தேடியவனுக்குக் கன்மலை அடைக்கலமாயிற்று. சங்கீதக்காரர் கண்டது அந்த அனுபவத்தையே. மலைகளுக்கு நித்தியத்தை அவர்கள் அளிக்கவில்லை. மலைகளுக்கும் முந்தியவராகவே 90-ஆம் சங்கீதம் கடவுளைக் காண்கிறது. ஆதலால் உவமையைக் கைவிட வேண்டியதில்லை. உவமையை நிலவியல் பாடமாக்கிவிடும் பழக்கத்தையே கைவிட வேண்டும். சிக்கார் முனையில் கண்டதை மறைக்காமல் எழுதிய அம்முன்னாள் ஆயரின் நேர்மை நம் பிரசங்க பீடங்களுக்கும் வேண்டும். "கன்மலையும் மாறும்" என்று சபையில் அஞ்சாமல் சொல்லக்கூடியவரே, மாறாதவரைக் குறித்துப் பேசும்போது இளைஞரால் நம்பப்படுவார்.