கஜுலு லட்சுமிநரசு செட்டி

கஜுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868): சென்னை வணிகர், பத்திரிகை உரிமையாளர், சென்னை மாகாணத்தின் முதல் அரசியல் அமைப்பாளர். அவுரி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கைக்குட்டைத் துணி ஏற்றுமதியில் பொருள் சேர்த்தார். அந்தப் பணத்தை அவர் அரசியலில் கரைத்ததுதான் அவர் கதையின் சாரம்.

1844-இல் ‘கிரசென்ட்’ இதழைத் தொடங்கினார். 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவினார். காங்கிரஸ் பிறக்க அப்போது இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

நகரத்துச் செட்டியார்தான், ஆனால் அவர் பெரிதாகப் பேசியது குடியானவர் துயரத்தையே. சின்னசேலம் உள்ளிட்ட தென்னார்க்காட்டுச் சமவெளியில் குடியானவரிடமிருந்தே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை நடந்தது. அந்த வரியை (கிஸ்தி) பாக்கி வைத்தவரை அடித்து வசூலிப்பது மாகாணமெங்கும் வழக்கம். ஒருமுனை கட்டிய இரு குச்சிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது ‘கிட்டி’. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடி வெயிலில் நிறுத்துவது இன்னொன்று.

இந்தக் கொடுமைகள் பற்றிச் செட்டியாரின் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1853-இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி செமூரைச் செட்டியாரே ஊர் ஊராக அழைத்துச் சென்று குடியானவர் நிலையைக் காட்டினார். விளைவாக 1854-இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை புகார்களை உறுதி செய்தது. அவருடைய பணிகளில் முதன்மையானது இதுவே.

1863-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1868-இல் வறுமையில் இறந்தார்.