மொட்டை மாடிக்கு ஏறும் 18 வோல்ட்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால், டிஷ்களில் பெரும்பாலானவை கடல் பக்கமாக, தென்கிழக்கு நோக்கி இருப்பது தெரியும். எல்லாம் நன்றாக மல்லாந்திருக்கும். பாரிஸில் இதே மாதிரி டிஷ் சுவரோரம் நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பியர்களின் ஹாட் பேர்ட் செயற்கைக்கோள் அங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு 33 பாகை மேலேதான் இருக்கிறது. புதுச்சேரியோ நிலநடுக்கோட்டுக்கு 12 பாகைதான் வடக்கே. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட்-15, 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கிறது. அது நமக்கு ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு அது போய்ச் சேர்ந்த வழியைச் சொல்லாமல் புதுச்சேரிக்காரர்களிடம் இந்தக் கதையைத் தொடங்க மனம் வரவில்லை. 3,164 கிலோ எடை. கட்டியது இஸ்ரோ. ஏவுவதற்கு நம் கரையிலேயே வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ஆனால் அன்று பயன்பாட்டில் இருந்த ஜிஎஸ்எல்வியால் அவ்வளவு எடையை அந்தப் பாதைக்குத் தூக்க முடியாது. ஆகவே தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவுக்குக் கொண்டுபோய், 2015 நவம்பர் 11 அன்று கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் அனுப்பினார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றதால், அங்கிருந்த ஏவுதளத்துக்கு மாற்று தேடி 1964இல் பிரான்ஸ் தேர்ந்தெடுத்த இடம் கூரூ. அதே 1962இல், ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் போய் இறங்கிய கரையும் அந்தக் கயானாதான். இந்த ஊர் வீடுகளில் படம் தெரிய வைத்த செயற்கைக்கோள்களில் பல அங்கிருந்தே கிளம்பியிருக்கின்றன: 2005இல் இன்சாட்-4ஏ, 2007இல் இன்சாட்-4பி, 2022இல் ஜிசாட்-24.

அலையின் பயணம் வேகமானது. ஃப்ரீ டிஷ் சேனல்கள் டெல்லியில் உள்ள தோடாபூர் நிலையத்திலிருந்து மேலே போகின்றன. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ கால் விநாடியில் மாடிக்கு வந்துவிடுகின்றன. வந்து சேரும்போது அவற்றில் மிச்சமிருக்கும் வலு மிக மிகக் குறைவு. டிஷ்ஷின் குழிவு அதைத் திரட்டி, கையின் நுனியில் இருக்கும் எல்என்பியின் வாயில் சேர்க்கிறது.

எல்என்பிதான் இந்தக் கதையின் நாயகன் என்பேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கைப்பிடி அளவுப் பொருள். வருகிற அலை 11,590 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அத்தனை உயர்ந்த அதிர்வெண்ணை ஆர்ஜி-6 கேபிளில் விட்டால் வீட்டுக்குள் வருவதற்குள் தேய்ந்துபோகும். அதனால் எல்என்பி அதை முதலில் பெருக்கி, பிறகு தனக்குள் துடிக்கும் 9,750 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 1,840 மெகாஹெர்ட்ஸ். இது கேபிளில் தாராளமாக இறங்கும். கேபிளுக்கென்று ஒதுக்கிய இடம் 950 முதல் 2,150 வரை. வானத்தில் இருப்பதோ 10,700 முதல் 12,750 வரை, அதுவும் கிடை, செங்குத்து என்று இரண்டு துருவங்களில். இவ்வளவும் ஒரு கேபிளுக்குள் ஒரே நேரத்தில் அடங்காது. எனவே வானத்தை நான்கு பங்காகப் பிரித்து, கேட்கும் பங்கை மட்டும் இறக்குகிறார்கள்.

கேட்பது யார்? கீழே டிவி பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ். கேபிள் வழியாகச் சேனல் இறங்குவதைத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அதே செம்பில் கீழிருந்து மேலே கட்டளையும் ஏறுகிறது. எல்என்பிக்கு வேண்டிய மின்சாரத்தை அனுப்புவதும் பாக்ஸ்தான். 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்துத் துருவம், 18 வோல்ட் அனுப்பினால் கிடைத் துருவம். அதன்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைச் சேர்த்தால் 11,700க்கு மேலுள்ள பட்டை, சேர்க்காவிட்டால் கீழுள்ள பட்டை. ரிமோட்டில் நீங்கள் சேனல் மாற்றும் அந்த நொடியில், மாடியில் ஒரு மின்னழுத்தம் மாறுகிறது. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு இது!

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. 2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கியது. சீரியல் நேரமும் ஆட்ட நேரமும் ஒன்றானது. அதே ஆண்டில்தான் டாடா ஸ்கை பிளஸ் பாக்ஸ் வந்தது. உள்ளே இரண்டு ட்யூனர், ஒரு வன்தட்டு. ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். பிரிட்டனில் ஸ்கை பிளஸ் இதை 2001இலேயே செய்திருந்தது. வாங்கியவர்கள் வீட்டில் மாடிக்கு ஏறிய ஆள், இருந்த எல்என்பியைக் கழற்றிவிட்டு இரண்டு வாய் உள்ளதை மாட்டி, இரண்டாவதாக ஒரு கேபிளையும் இழுத்தார். இருக்கிற கேபிளில் ஸ்ப்ளிட்டர் போட்டால் போதாதா என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு. போதாது. சீரியல் 13 வோல்ட்டில் இருந்து, ஆட்டம் 18 வோல்ட்டில் இருந்தால், ஒரே கம்பியில் இரண்டு கட்டளையும் சேர்ந்து ஏற முடியாது. உயர்ந்த வோல்ட்டே வெல்லும். மற்ற ட்யூனரில் படம் போய்விடும். சில வீடுகளில் ஸ்ப்ளிட்டர் நன்றாகவே வேலை செய்வதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது: பார்க்கிற சேனல்கள் எல்லாம் ஒரே துருவத்தில், ஒரே பட்டையில் இருந்தால் கட்டளையில் முரண்பாடே வராது. மெக்கானிக்குகளில் ஒருவர் ஆகும் என்பதும் மற்றவர் ஆகாது என்பதும் இதனால்தான்; இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு கேபிள் சரி. அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது வீட்டுக்கு முப்பது டிஷ் எதற்கு? இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. ஒரே நிறுவனத்தின் சேவையை வாங்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல டிஷ் போதும். நான்கு பங்கையும் நான்கு கேபிளில் நிரந்தரமாக இறக்கும் குவாட்ரோ எல்என்பி ஒன்றை மாட்டி, படிக்கட்டின் தலைமாட்டில் மல்டிஸ்விட்ச் ஒன்றை வைத்தால், ஒவ்வொரு ட்யூனரின் கட்டளைக்கும் மாடிக்குப் பதிலாக அந்த ஸ்விட்ச்சே பதில் சொல்லும். ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். 2007இல் அவர்கள் யூனிகேபிள் என்ற முறையையும் தரப்படுத்திவிட்டார்கள். அதில் ஒவ்வொரு ட்யூனருக்கும் கேபிளுக்குள் தனித்தனி அதிர்வெண் இடம். ட்யூனர் தனக்கு வேண்டியதைச் சங்கேதமாகச் சொல்லும்; எல்என்பி அதை மட்டும் எடுத்து அந்த ட்யூனரின் இடத்தில் வைக்கும். ஒரே கம்பியில் 8 ட்யூனர்கள். 2013இல் வந்த அடுத்த தரத்தில் 32. பாக்ஸும் எல்என்பியும் இரண்டுமே அந்த மொழி அறிந்தவையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

டிஷ்களையே திருப்ப வேண்டி வந்ததும் உண்டு. 2010 ஜூலை 7 அன்று, 93.5 பாகையில் நின்ற இன்சாட்-4பியின் சூரியத் தகடுகளில் கோளாறு வந்து, 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12ஐ நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் வழியே சேனல்களைக் கொடுத்துவந்த சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மெஸாட்-3க்கு மாறியது. வானத்தில் அது இரண்டே பாகை. ஆனால் 60 செ.மீ. டிஷ் ஒன்றின் பார்வை அகலமே மூன்று பாகைதான். இரண்டு விலகினால் படம் போய்விடும். ஒவ்வொரு டிஷ்ஷையும் சற்றே தெற்காகத் திருப்பி, இன்னும் கொஞ்சம் மல்லாத்த வேண்டும். புதுச்சேரிக்கு 91.5 பாகை என்பது அச்சுப் பிசகாத தென்கிழக்கு. அந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் கையில் ஸ்பேனருடன் மாடி மாடியாக ஏறிய ஆட்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதும் அவர்களே மறுபடி ஏறினார்கள்.

புயல் வராத நாட்களில் உப்புக் காற்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கடற்கரைச் சாலைக்கு அருகில் உள்ள வீடுகளில் முதலில் கெடுவது கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர். ஈரம் உள்ளே புகுந்து நடுக்கம்பி பச்சை பூத்தால், இறங்கும் சிக்னலும் தேயும், ஏறும் வோல்ட்டும் குறையும். பாக்ஸ் 18 அனுப்பியும் மேலே போய்ச் சேர்வது போதாமல் போனால் எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். பாதிச் சேனல்கள் மட்டும் வராமல் போவதன் காரணம் பல நேரம் இதுதான். செட்டாப் பாக்ஸைக் குறை சொல்லி மாற்றுவதற்குமுன் மேலே ஏறிக் கனெக்டரைப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை பழைய முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு, ரப்பர் உறை மாட்டி, மாடியிலிருந்து வரும் கேபிளுக்குச் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் மாடியிலிருந்து கூடத்துக்கு ஒரு குழாய் பதிக்கும்போது, இரண்டு ஆர்ஜி-6 கேபிள்கள் போகும் அகலத்தில் பதிக்கச் சொல்லுங்கள்.