அங்கீகாரம்

வடமொழியில் ‘அங்கம்’ என்றால் உறுப்பு. ‘காரம்’ என்றால் செய்தல். ஒன்றைத் தன் உறுப்பாக்கிக்கொள்வது அங்கீகாரம். ஏற்றல், ஒப்புக்கொள்ளல் என்ற பொருளில் தமிழில் நிலைத்த சொல் இது. தரக்கட்டுப்பாட்டுத் துறையில் அதற்கு இன்னும் நுட்பமான பொருள் உண்டு.

சான்றிதழ் வேறு, அங்கீகாரம் வேறு.

பிரிட்டனில் வழக்கறிஞர்களுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பல, தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைக் காட்டுகின்றன. ஐஎஸ்ஓ தரநிலையை எழுதுவதோடு சரி. சான்றிதழ் தருவது தனித் தணிக்கை நிறுவனம். அந்தத் தணிக்கை நிறுவனத்தையே சோதித்து அங்கீகரிப்பது யூகாஸ் (UKAS) என்ற அமைப்பு. இந்தியாவில் அப்பணியை என்ஏபிசிபி (NABCB) என்ற அமைப்பு செய்கிறது.

கட்சிக்காரரின் ரகசியம் காப்பது வழக்கறிஞரின் கடமை. ஆனால் கோப்புகள் இருக்கும் சர்வரை அவரால் சோதிக்க முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் முடக்கப்பட்டதா, காப்புநகலை மீட்டுப் பார்த்தார்களா என்பதையெல்லாம் அவருக்காகப் பார்ப்பவர் வெளித் தணிக்கையாளர்தான். ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் 2022 பதிப்பின் பின்னிணைப்பில் இப்படி 93 கட்டுப்பாடுகள் உள்ளன. சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும்.

மென்பொருளை வாங்குபவர் சான்றிதழில் அங்கீகார முத்திரை, காலாவதித் தேதி, எந்தச் சேவைக்குப் பொருந்தும் என்ற வரம்பு ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் வாங்கிய சான்றிதழ், வழக்குக் கோப்புகளைத் தாங்கும் சேவைக்குப் பொருந்தாது.