சுதையால் உயர்ந்த அரண்மனைகள்: மதுரையும் சிங்கப்பூரும்

அரண்மனைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கட்டியோர் அதில் இடம்பெறுவது அரிது. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும் சிங்கப்பூர் இஸ்தானாவையும் கட்டுமானத் தொழில் என்னும் நோக்கில் ஒருங்கே காண இக்கட்டுரை முற்படுகிறது.

திருமலை நாயக்கர் (1623–1659) இவ்வரண்மனையை 1636ஆம் ஆண்டில் எழுப்பினார். இன்று எஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதியே. அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கர் திருச்சிராப்பள்ளிக்குத் தலைநகரை மாற்றியபோது பல பகுதிகள் பிரித்தெடுக்கப்பட்டன. எஞ்சிய சொர்க்க விலாசத்தில் இசுலாமியக் கட்டடக்கலையின் வளைவுகளும் குவிமாடமும் தமிழகத்துச் சுதைச் சிற்பங்களும் இயைந்து நிற்கின்றன. அவ்வழகிற்கு உருக்கொடுத்தவை பெரிதும் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையுமே ஆகும்.

சிதைவுற்றிருந்த இவ்வரண்மனையைச் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு தம் பதவிக்காலத்தில் (1866–1872) புதுப்பிக்கச் செய்தார். அதே காலப்பகுதியில், 1867 முதல் 1869 வரை, சிங்கப்பூரில் ஆளுநர் ஹாரி ஆர்டின் மாளிகை எழுந்தது. அதுவே இன்றைய இஸ்தானா. அதனை வடிவமைத்தவர் மக்நேர் என்பது பதிவாகியுள்ளது. ஆனால், அங்கு உழைத்த இந்தியக் கைதிகளின் பெயர்களை அக்கட்டடத்தின் வரலாறு கூறுவதில்லை.

1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இக்கைதிகள் சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கல் சுட்டனர், சாலைகள் அமைத்தனர், தூய ஆண்ட்ரூ பேராலயத்தையும் கட்டினர். சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்தரைத்த 'சென்னைச் சுண்ணம்' அப்பேராலயச் சுவர்களுக்குப் பூசப்பட்டது. தமிழகத்துச் சுதைத் தொழிலறிவு கடல்கடந்து வந்தமைக்கு இது தக்க சான்றாகும். இன்றைய லிட்டில் இந்தியா வட்டாரம் முன்னர்ச் 'சுண்ணாம்புக் கம்பம்' என வழங்கப்பட்டதும் அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால்தான்.

எனினும், கைதிகள் அனைவரையும் தமிழர் எனக் கொள்வது பொருந்தாது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்களிலிருந்தும் அவர்கள் அனுப்பப்பட்டனர். உண்மையை மிகைப்படுத்திப் பெருமை தேடுவதனினும், பெயரற்ற உழைப்பைப் பெயரற்றதாகவே ஒப்புக்கொண்டு அதன் தடயங்களைச் சுட்டுவதே வரலாற்று நெறி. தீபாவளித் திறந்த நாளில் இஸ்தானாவைக் காணச் செல்லும் மாணவர்க்கு, ஆளுநரின் பெயரோடு அதன் சுவரை எழுப்பிய கைகளைப் பற்றியும் நம் ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். அப்போதுதான் சுண்ணாம்புக் கம்பம் என்னும் பழம்பெயரின் பொருளும் அவர்களுக்கு முழுமையாக விளங்கும்.